செம்பிக்குத் தலையீற்று, இன்று 59ஆவது நாள்: என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?

படுவான்கரை வீடு | நவம்பர் 22, காலை 7.15

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் செம்பி என்றொரு நாட்டு நாய் இருக்கிறாள். வயது இரண்டரை. செப்டம்பர் 24ஆம் திகதி பக்கத்து வளவுக் கடுவனோடு சேர்ந்ததை நானே கண்டேன். அந்தக் கணக்கில் இன்று 59ஆவது நாள். இதுதான் அவளுக்குத் தலையீற்று.

வயிறு இரண்டு பக்கமும் தொங்குகிறது. முலைகள் தடித்துவிட்டன. நேற்றுப் பின்னேரம் குசினிக்குப் பின்னால் விறகு அடுக்கும் பத்திக்குள் போய் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பத்தி மழைக்குத் தண்ணீர் நிற்கிற இடம். அங்கே ஈன்றால் ஒரே இரவில் குட்டிகள் நனைந்துவிடும்.

நாங்கள் இருப்பது இலங்கையின் மட்டக்களப்பில், கொக்கட்டிச்சோலைப் பக்கம். நகரத்துக்கு மண்முனைப் பாலத்தால் போக வேண்டும், இரவில் வாகனம் கிடைப்பது அரிது. "நாய்க்கு யார் பிரசவம் பார்த்தார்கள், அது தானாக ஈனும்" என்கிறார் அம்மா. எனக்கு மனம் கேட்கவில்லை. அறிந்தவர்கள் சொல்லித் தாருங்கள்.

கல்லடி மணல் | நவம்பர் 22, காலை 9.02

தங்கச்சி, அம்மா சொல்வதில் உண்மை இருக்கிறது. நாட்டு நாய்கள் பெரும்பாலும் தாமாகவே ஈன்றுவிடும். பதினெட்டு வருடமாக நாய் வளர்க்கிறேன், ஏழு ஈற்றுப் பார்த்திருக்கிறேன். ஐந்தில் என் வேலை கதவடியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது மட்டும்தான். மற்ற இரண்டிலும் நான் பக்கத்தில் இல்லாதிருந்தால் தாய் பிழைத்திருக்க மாட்டாள். இந்த ஈற்று எந்த வகை என்று முன்கூட்டி எவராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஆயத்தம்.

முதலில் நாள் கணக்கு. நாய் 63ஆவது நாளில் ஈனும் என்பார்கள், அது முட்டை வெளிப்பட்ட நாளிலிருந்து எண்ணுவது. நீங்கள் எண்ணுவது சேர்ந்த நாளிலிருந்து. கடுவனின் விந்து பெட்டையின் உடலுக்குள் பல நாள் உயிரோடு இருக்கும், முட்டை முதிரவும் இரண்டு மூன்று நாள் எடுக்கும். எனவே சேர்ந்த நாளிலிருந்து 57 தொடக்கம் 72 வரை எந்த நாளிலும் ஈனலாம். 26ஆம் திகதியை நம்பி இருக்காமல் இன்றிரவே ஆயத்தமாகிவிடுங்கள்.

அடுத்தது இடம். அவள் தோண்டிய பத்தியைப் பலகை வைத்து அடைத்துவிட்டு, வீட்டுக்குள் ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மூலையைக் கொடுங்கள். கை கால் நீட்டிப் படுத்துத் திரும்பக்கூடிய அகலத்தில் ஒரு பலகைப் பெட்டி போதும். முன்பக்கம் தாழ்வாக இருக்கட்டும், தொங்கும் முலை உரசாமல் அவள் தாண்ட வேண்டும். உள்ளே சுவரோரமாக நாலு விரல் உயரத்தில் சுற்றிவர ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பொருத்துங்கள். தாய் சுவரோடு சாய்ந்து படுக்கும்போது இடையில் அகப்படும் குட்டி அந்த இடைவெளியில் உயிர் தப்பும். என் இரண்டாவது ஈற்றில் ஒரு குட்டியை அப்படி நசுங்கக் கொடுத்த பிறகுதான் இதைக் கற்றேன்.

விரிப்புக்குப் பழைய பத்திரிகைத் தாள், அதன்மேல் துவைத்த சாரத்துணி. நூல் பிரிந்த சீலை வேண்டாம், அந்த நூல் குட்டியின் கழுத்திலோ காலிலோ சுற்றிவிடும். பெட்டியின் நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய பால்மாப் பேணிகளுக்குள் வையுங்கள். மழைக்கு எறும்பெல்லாம் வீட்டுக்குள்தான் ஏறும். ஈன்ற ஈரத்தின் மணத்துக்கு எறும்பு வந்தால் கண் திறக்காத குட்டி என்ன செய்யும்? மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், அதன் ஆவி குட்டிகளுக்கு ஆகாது.

இன்றிரவே அவளை அந்தப் பெட்டியில் படுக்கப் பழக்குங்கள். கடைசி நேரத்தில் தூக்கிக்கொண்டு போய் வைத்தால் இருக்க மாட்டாள்.

திருக்கோவில் கரை | நவம்பர் 22, பகல் 12.40

மிருக வைத்தியர் ஒருவரிடம் ஆறு வருடம் உதவியாளராக வேலை செய்தேன். அக்கா இடத்தைப் பற்றி முழுமையாகச் சொல்லிவிட்டார். நான் நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

மருந்துக்கடையில் ஒரு டிஜிற்றல் வெப்பமானி வாங்குங்கள். நுனியில் கொஞ்சம் வாசலின் தடவி ஆசனவாயில் ஓர் அங்குலத்துக்குக் குறைவாக வைத்துக் காலையும் மாலையும் பாருங்கள். நாயின் சாதாரண வெப்பநிலை 101 முதல் 102.5 பாகை பரனைட். ஈற்றுக்கு முன் இரத்தத்தில் ஒரு ஹோர்மோன் திடீரென்று குறையும், அதோடு உடல் வெப்பமும் இறங்கும். 99க்குக் கீழே போனால் பெரும்பாலும் 24 மணித்தியாலத்துக்குள் ஈனத் தொடங்குவாள். இறங்கி ஒரு நாள் கடந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் வைத்தியரிடம் பேசுங்கள். எழுதிவைக்கத் தவறாதீர்கள். நேற்றைய எண் தெரிந்தால்தான் இன்றைய எண்ணுக்குப் பொருள் உண்டு.

பிறகு நடுக்கம், மூச்சு வாங்கல், துணியைக் கிழித்தல், சாப்பாட்டை மறுத்தல், சிலவேளை வாந்தி. இது முதற்கட்டம். ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலம், தலையீற்றில் இன்னும் கூடலாம். இந்தக் கட்டத்தில் முக்க மாட்டாள். முக்கத் தொடங்கினால் மணிக்கூட்டைப் பாருங்கள். விடாமல் பலமாக முக்கி அரை மணித்தியாலம் ஆகியும் குட்டி வரவில்லையென்றால் புறப்படுங்கள். ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போனாலும் அப்படித்தான். முதற்குட்டி வருவதற்கு முன்பே கரும்பச்சை நீர் வடிந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். இளங்கொடி, அதாவது நஞ்சுக்கொடி, கருப்பையிலிருந்து பிரிந்துவிட்டது, உள்ளே குட்டிக்கு மூச்சு இல்லை என்பதற்கு அடையாளம் அது. முதற்குட்டி வந்த பிறகு அதே பச்சை வருவது வழக்கமானது.

வாகனம் வைத்திருக்கும் ஒருவரிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள். வைத்தியரின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி, இரவில் எடுப்பாரா என்றும் கேளுங்கள். அரச கால்நடை வைத்திய அலுவலகம் இரவில் திறந்திருக்காது. மிருக வைத்தியப் பீடம் நாட்டில் பேராதனையில் மட்டும்தான் உண்டு, முக்குகிற நாயை ஏற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் போக முடியாது. பக்கத்தில் யார் என்பதைப் பகலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

மல்வத்தை வயல் | நவம்பர் 22, பின்னேரம் 4.20

நான் மாடு வளர்ப்பவன். பசு கன்று போடச் சுணங்கினால் ஒட்சிடோசின் ஊசி போடுவார்கள், வந்துவிடும். உங்கள் பக்கம் மாட்டுக்கு ஊசி போடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்களே. நாய்க்கும் சிறிய அளவில் போட்டால் நகரத்துக்கு அலையத் தேவையில்லை அல்லவா? உதவட்டும் என்றுதான் சொல்கிறேன்.

திருக்கோவில் கரை | நவம்பர் 22, பின்னேரம் 5.05

அண்ணா, நல்ல மனதோடு சொல்கிறீர்கள். ஆனாலும் இதைச் செய்ய வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். குட்டி குறுக்கே கிடந்தோ பெரிதாக இருந்தோ வழியை அடைத்திருக்கும்போது அந்த ஊசி போட்டால், வெளியே வர வழியில்லாமல் கருப்பை இன்னும் இறுகும். கிழிந்தும் போகலாம். உள்ளே காத்திருக்கும் மற்றக் குட்டிகளின் இளங்கொடியும் முன்கூட்டிப் பிரிந்துவிடும். எதனால் தடைப்பட்டது என்று கையாலும் ஸ்கானாலும் பார்த்த வைத்தியர்தான் அதைத் தீர்மானிக்க வேண்டும். அப்படிப் போட்டுவிட்டுக் கொண்டுவந்த நாய்களை நான் மேசையில் பிடித்திருக்கிறேன்.

மல்வத்தை வயல் | நவம்பர் 22, பின்னேரம் 5.31

விளங்கியது தம்பி. நான் சொன்னதைத் தங்கச்சி எடுக்க வேண்டாம்.

காரைதீவு நிலா | நவம்பர் 22, இரவு 9.48

இதை எழுத வேண்டுமா என்று பகல் முழுக்க யோசித்தேன். பச்சை நீர் பற்றித் தம்பி சொன்னதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் மணி போன வருடம் மாசியில் செத்துப்போனாள். இரவு பதினொரு மணிக்கு அவளுடைய வாலடியில் கரும்பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. பாசியில் படுத்திருப்பாள் என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். மறுபடியும் வந்தது. மறுபடியும் துடைத்தேன். அழைத்துக் கேட்ட இடத்தில் காலையில் கொண்டுவரச் சொன்னார்கள், நானும் காலைவரை இருந்தேன். அவள் முக்கவுமில்லை, கத்தவுமில்லை. என் மடியில் தலையை வைத்து விளக்கையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அமைதியாக இருக்கிறாள், நோவில்லை என்று நினைத்தேன். காலையில் அறுவைச் சிகிச்சை செய்தபோது ஐந்து குட்டியும் உள்ளே செத்திருந்தன. மூன்றாம் நாள் அவளும் போய்விட்டாள்.

அந்தத் துணி இன்னும் என்னிடம் இருக்கிறது. தங்கச்சி, டோர்ச்சை எடுத்துக்கொண்டு அடிக்கடி வாலைத் தூக்கிப் பாருங்கள். அவள் அமைதியாக இருந்தாலும் பாருங்கள்.

கல்லடி மணல் | நவம்பர் 22, இரவு 10.15

நிலா, நீங்கள் விடியும்வரை அவளை மடியில் வைத்திருந்தீர்கள். அவளைத் தனியே விடவில்லை. இதை எழுதியதற்கு நன்றி.

ஆரையம்பதி வேப்பமரம் | நவம்பர் 23, காலை 6.50

ஒரு கேள்வி. என் நாய்க்கு 40ஆவது நாள். பால் நன்றாகச் சுரக்கட்டும் என்று தினமும் கல்சியம் மாத்திரை கொடுக்கிறேன். சரிதானே?

திருக்கோவில் கரை | நவம்பர் 23, காலை 8.10

நிறுத்துங்கள். வயிற்றில் குட்டி இருக்கும்போது மேலதிகக் கல்சியம் கொடுத்தால், எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்கும் உடலின் சொந்த ஏற்பாடு சோம்பிவிடும். ஈன்று பால் கொடுக்கத் தொடங்கியதும் தேவை ஒரேயடியாகக் கூடும்போது இரத்தத்தில் கல்சியம் விழுந்துவிடும். கால் விறைத்த நடை, நடுக்கம், மூச்சு வாங்கல், பிறகு வலிப்பு. ஈன்று முதல் நாலு வாரத்துக்குள் இது வரலாம், அதிலும் சிறிய உடம்பும் நிறையக் குட்டிகளும் உள்ள தாய்க்கு. வந்தால் குட்டிகளைத் தாயிடமிருந்து எடுத்துவிட்டு உடனே வைத்தியரிடம் ஓட வேண்டும்.

மாத்திரைக்குப் பதிலாகச் சாப்பாட்டைக் கூட்டுங்கள். கடைசி மூன்று வாரமும் குட்டிநாய்களுக்கான உணவு நல்லது. வசதி இல்லையென்றால் சோற்றைக் குறைத்து அவித்த முட்டை, முள் நீக்கிய மீன், கோழி என்று கூட்டுங்கள். வயிற்றில் இடமில்லாததால் ஒரே தடவையில் சாப்பிட முடியாது, நாலு தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். 55ஆவது நாளுக்குப் பிறகு எக்ஸ்றே எடுக்க முடிந்தால் எடுங்கள். எத்தனை குட்டி என்று தெரிந்தால், ஈற்று முடிந்ததா இல்லையா என்ற குழப்பம் வராது.

படுவான்கரை வீடு | நவம்பர் 25, மாலை 6.35

இன்று காலை 100.2. இப்போது 98.4. இரண்டு தடவை பார்த்தேன். சூடை மீனை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். சூடை மீனை அவள் மறுத்ததே இல்லை.

பெட்டி அப்பா அடித்தது. இரண்டு இரவாக அதில்தான் படுக்கிறாள். எக்ஸ்றே எடுக்க முடியவில்லை. ஓட்டோ வைத்திருக்கும் மாமாவிடம் சொல்லிவிட்டேன், இன்றிரவு எங்கள் வீட்டில்தான் படுக்கிறார். மழை விடவில்லை, மின்சாரம் வந்து வந்து போகிறது.

கல்லடி மணல் | நவம்பர் 25, மாலை 6.52

சூடுதண்ணீர் ஊற்றிய போத்தல்களைத் துணியில் சுற்றி ஆயத்தமாக வைத்திருங்கள். குட்டிக்கு முதல் வாரத்தில் தன் உடம்பைத் தானே சூடாக வைத்திருக்கத் தெரியாது, 30 பாகை செல்சியசுக்குக் கிட்டச் சூடு வேண்டும். மழை இரவின் குளிர் அவற்றுக்கு ஆகாது. ஆனால் பெட்டி முழுவதையும் சூடாக்காதீர்கள், தாய்க்கு மூச்சு முட்டும். ஒரு மூலை மட்டும் சூடாக இருக்கட்டும். நகத்தை வெட்டி, கையை முழங்கைவரை சோப்பிட்டுக் கழுவுங்கள். அவித்த தையல் நூல், கத்தரிக்கோல், அயடீன், மெல்லிய துவாய்கள். ஒரு கொப்பியும் பேனையும்.

இன்றிரவு நான் தூங்க மாட்டேன்.

படுவான்கரை வீடு | நவம்பர் 26, அதிகாலை 1.20

நடுங்குகிறாள். சாரத்தை நார் நாராகக் கிழித்துவிட்டாள். வாலடி பார்த்தேன், வெள்ளையாக வழுவழுப்பாக மட்டும் இருக்கிறது.

படுவான்கரை வீடு | நவம்பர் 26, அதிகாலை 4.18

3.05 கடுவன். 3.40 பெட்டை. 4.10 இன்னொரு கடுவன், பின்னங்கால் முதலில் வந்தது. நான் பயந்துவிட்டேன், அவள் ஒரே முக்கில் தள்ளிவிட்டாள். எல்லாவற்றையும் தானே நக்கிக் கொடியையும் கடித்தாள். இளங்கொடி மூன்று. இரண்டைத் தின்றுவிட்டாள்.

திருக்கோவில் கரை | நவம்பர் 26, அதிகாலை 4.22

பின்னங்கால் முதலில் வருவது நாய்களில் சாதாரணம், ஐந்தில் இரண்டு குட்டி அப்படித்தான் வரும். இளங்கொடி நிறையத் தின்றால் வயிற்றால் போகும், அடுத்ததை எடுத்துவிடுங்கள்.

படுவான்கரை வீடு | நவம்பர் 26, அதிகாலை 5.30

அதன் பிறகு ஒன்றும் இல்லை. பால் கொடுத்துக்கொண்டு படுத்திருக்கிறாள், முக்கவில்லை. கையை வைத்துப் பார்த்தால் வயிற்றுக்குள் இன்னும் கட்டியாக இருக்கிறது. ஒரு மணி இருபது நிமிடம் ஆகிறது.

திருக்கோவில் கரை | நவம்பர் 26, அதிகாலை 5.33

முக்காமல் ஓய்வெடுப்பது சரி, இரண்டு மணித்தியாலம் வரை பொறுக்கலாம். ஆனால் வைத்தியரை இப்போதே எழுப்பிப் பேசுங்கள், மாமாவையும் எழுப்புங்கள். கழுத்தில் கயிறு போட்டு வளவுக்குள் நாலு அடி நடத்துங்கள், சிறுநீர் கழித்தால் வழி இளகும். இருட்டில் எங்காவது போட்டுவிடலாம், டோர்ச்சும் துவாயும் கையில் இருக்கட்டும்.

கல்லடி மணல் | நவம்பர் 26, காலை 6.31

தங்கச்சி?

படுவான்கரை வீடு | நவம்பர் 26, காலை 8.25

இப்போதுதான் கை கழுவிவிட்டு உட்கார்ந்தேன். 6.10க்குள் அடுத்த குட்டி வராவிட்டால் கொண்டுவரும்படி வைத்தியர் சொன்னார். நேரம் வந்ததும் புறப்பட்டோம். மூன்று குட்டிகளையும் போத்தல் வைத்த கூடையில் போட்டு அம்மா மடியில் வைத்துக்கொண்டார். செம்பியை நான் தூக்கி ஓட்டோவில் ஏற்றிய நேரம் அவளுடைய வயிறு என் கைக்குள் கல்லாக இறுகியது. மாமா முன்விளக்கைப் போட்டபடி நிற்க, படலையைத் தாண்டுவதற்குள் நாலாவது என் சட்டையில் விழுந்தது. நேரம் 6.20.

பை உடையவில்லை. செம்பி திரும்பியும் பார்க்கவில்லை, அவ்வளவு களைப்பு. மெல்லிய பைக்குள் குட்டியின் மூக்கு தெரிந்தது, அசையவில்லை. விரலால் மூக்கடியில் கிழித்தேன். வாயைத் துடைத்து, தலையைக் கீழே சாய்த்துப் பிடித்து, துவாயால் முதுகையும் நெஞ்சையும் தேய்த்தேன். நாக்கு நீலமாக இருந்தது. உதறுவோமா என்று மாமா கேட்டார், மூளையில் இரத்தம் கசியும், உதறக்கூடாது என்று எங்கோ படித்திருந்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று நிமிடமோ நாலு நிமிடமோ. பிறகு வாயை ஒருதரம் திறந்தது. இன்னொருதரம். கீச்சென்று கத்தியது. செம்பி காதைத் தூக்கினாள். அவளுடைய மூக்கடியில் வைத்தேன், நக்கத் தொடங்கினாள்.

6.55க்கு ஐந்தாவது. அது உயிரில்லாமல் வந்தது. கறுத்த உடம்பில் நெஞ்சில் மட்டும் வெள்ளை. அதையும் அவள் நக்கினாள், நான் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. 7.30க்கு ஆறாவது, பெட்டை, என் உள்ளங்கைக்குள் அடங்குகிறாள்.

இளங்கொடி ஐந்துதான் எண்ணினேன்.

திருக்கோவில் கரை | நவம்பர் 26, காலை 8.40

ஆறாவது இளங்கொடியை அவள் தின்றிருக்கலாம். உள்ளே நின்றிருந்தாலும் தெரிய வேண்டும், இன்றே கொண்டுபோய்க் காட்டுங்கள். இனிக் கருஞ்சிவப்பாக வடிவது சில வாரம் இருக்கும், நாளுக்கு நாள் குறைய வேண்டும். நாற்றம் வந்தாலோ காய்ச்சல் ஏறினாலோ குட்டிகளைக் கவனிக்காமல் கிடந்தாலோ உடனே போங்கள். எல்லாக் குட்டியும் இன்றைக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். நோய் எதிர்க்கும் சக்தியைக் குடலால் உறிஞ்சுவது முதல் நாளோடு நின்றுவிடும். அந்தச் சிறியவளைப் பின்னங்காலடி முலையில் பிடித்து வையுங்கள், அங்குதான் பால் கூட.

கல்லடி மணல் | நவம்பர் 26, காலை 8.44

பசும்பாலும் பால்மாவும் வேண்டாம், வயிற்றால் போகும். குசினித் தராசில் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதுங்கள். முதல் நாள் கொஞ்சம் குறைந்தால் பயப்படாதீர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஏற வேண்டும், இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாக வேண்டும். இரண்டாவது வாரத்தில் தாய்க்கும் குட்டிக்கும் வயிற்றுப் பூச்சிக்கான மருந்து.

காரைதீவு நிலா | நவம்பர் 26, காலை 9.10

நானும் இரவு முழுக்க விழித்திருந்தேன். எழுதத்தான் கை வரவில்லை. அந்தக் கறுப்புக் குட்டியை எங்கே வைத்தீர்கள்?

படுவான்கரை வீடு | நவம்பர் 26, மாலை 5.15

பலா மரத்தடியில், மேடான இடத்தில். அங்கே தண்ணீர் ஏறாது.

வைத்தியர் ஸ்கான் செய்தார், உள்ளே ஒன்றும் இல்லை. செம்பி இப்போது முட்டையும் சோறும் தின்றாள்.

மல்வத்தை வயல் | நவம்பர் 29, காலை 7.00

சிறிய குட்டி எப்படி இருக்கிறது தங்கச்சி?

படுவான்கரை வீடு | நவம்பர் 29, காலை 7.40

பிறந்த அன்று 190 கிராம். அடுத்த நாள் 184. நேற்று 187. இன்று 201. தராசில் வைத்தால் சத்தம் போடுகிறாள்.